வாங்கிய காரும் எச்சரிக்கை விளக்கும்

இலங்கையில் நடுத்தர வருவாயுள்ள குடும்பமொன்று மோட்டார்க் கார் வாங்குவது ஒரு நாளில் முடியும் கருமமன்று. பல ஆண்டுச் சேமிப்பு, வங்கிக் கடன், அடகு சென்ற நகை, உறவினரிடம் பெற்ற கைமாற்று ஆகிய அனைத்தும் ஒன்று கூடியே அந்த நான்கு சக்கரங்களையும் வீட்டு வாயிலுக்குக் கொணர்கின்றன. அவ்வாறு வருங் காரும் பெரும்பாலும் பிறர் ஓட்டிய காரே. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டினுள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களே கை மாறின. அவற்றின் விலையும் ஏறியது. தடை நீங்கிய பின்னரும், வரியும் விலையுஞ் சேர்ந்து புதிய காரைப் பலருக்கு எட்டாக் கனியாகவே வைத்துள்ளன. எனவே, பழைய காரை ஆராய்ந்து வாங்குவதும், வாங்கிய பின் அது சொல்வதைக் கேட்டறிவதும் இன்று பலருக்கும் வேண்டிய அறிவாகிவிட்டன.

கார் வீட்டுக்கு வருகிறது. கோயிலிற் பூசை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றி வருகின்றனர். முதல் இரண்டு நாளுங் குறையொன்றுமில்லை. மூன்றாம் நாட் காலை, ஓட்டுபவரின் கண்ணெதிரே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. வீடு முழுவதுங் கலக்கம். அயலவர் ஒருவர், அது வெறுங் கம்பிக் கோளாறு, பொருட்படுத்த வேண்டாம் என்கிறார். மற்றொருவர், பற்றரியின் கம்பியைச் சிறிது நேரங் கழற்றிவிட்டுப் பூட்டினால் விளக்கு மறைந்துவிடும் என்கிறார். மூன்றாமவரோ, ஏமாற்றிவிட்டார்கள், வந்த விலைக்கு விற்றுவிடுவதே நன்று என்கிறார். மூவரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். ஆயினும், அந்த விளக்கு என்ன சொல்கின்றது என்று மூவருள் ஒருவரேனுங் கேட்கவில்லை.

எச்சரிக்கை விளக்கு நோயன்று. நோயைப் பற்றிய செய்தி. செய்தியைப் படிக்குமுன் கடிதத்தைக் கிழித்தெறிபவர் எவருமிலர். ஆயினும், காரின் விளக்கைப் பொறுத்தவரை பலர் செய்வது அதுவே. விளக்கைப் படித்தறிவது எவ்வாறு, படிக்காமல் அணைப்பதால் விளையுங் கேடு யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

முற்காலக் கார்களில் எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பம், மின்னோட்டம் ஆகியவற்றைக் காட்ட முள் பொருத்திய மானிகள் இருந்தன. முள் எங்கு நிற்க வேண்டுமென்பதை ஓட்டுபவரே அறிந்திருத்தல் வேண்டும். 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பனி, எண்ணெய்க்கும் மின்னோட்டத்துக்கும் மானியை விடுத்து விளக்கை வைத்தது. முள்ளைப் பார்த்துக் கணக்கிட வேண்டிய தொல்லை இதனாற் குறைந்தது. ஆனால், விளக்கு எரியும்போது கேடு ஏற்கெனவே நெருங்கியிருக்கும் என்னும் புதிய நிலையும் அதனுடன் வந்தது. இக்காலக் கார்களில் விளக்குகளுக்குப் பின்னே கணினிகள் உள்ளன. எஞ்சின், பிரேக், காற்றுப்பை முதலிய ஒவ்வொன்றையும் உணரிகள் இடையறாது கண்காணிக்கின்றன. அகத்தின் அழகு முகத்திற் றெரியும் என்பர். காரின் முகம் ஓட்டுபவர் முன்னிருக்கும் முகப்புப் பலகை. டாஷ்போட் என்று சாரதிகள் சொல்வது அதுவே.

அம்முகத்தில் தோன்றும் படங்கள் நாட்டுக்கு நாடு மாறுவனவல்ல. ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் அனைத்துலக நியமம் அவற்றின் வடிவங்களை வகுத்துள்ளது. இலங்கையில் ஓடுங் கார்களிற் பல ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென உருவானவை. அவற்றின் திரையில் ஜப்பானிய எழுத்துகள் தோன்றி மிரட்டுவதுண்டு. எழுத்துப் புரியாவிடினும் படம் புரியும். நிறமும் புரியும். சிவப்பு, உடனே நிறுத்து என்பதாம். மஞ்சள், விரைவிற் காட்டிப் பரிசோதி என்பதாம். பச்சையும் நீலமும் எச்சரிக்கையல்ல. ஒன்று இயங்குகிறது என்ற அறிவித்தலே. இந்த மூன்று நிலைகளையும் வேறுபிரித்து அறிந்தவருக்குக் கலக்கத்திற் பாதி தீர்ந்துவிடும்.

இனி, முதற் பரிசோதனையைக் காண்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. அரை நிமிடம் போதும். காரை வாங்குமுன்னரே செய்ய வேண்டியது. அப்போது செய்யாதவர் வாங்கிய பின்னராவது செய்தல் வேண்டும். திறப்பைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், மின்சாரம் வரும் நிலையில் நிறுத்த வேண்டும். பொத்தான் அழுத்தும் கார்களிற் பெரும்பாலானவற்றில், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்தினால் அந்நிலை வரும். அப்போது எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருங்கே எரியும். தம் மின்குமிழ்கள் பழுதற்றவை என்று அவை காட்டும் வேளை அது. சில செக்கன்களிற் காற்றுப்பை விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் தாமே அணையும். எண்ணெய் விளக்கும் பற்றரி விளக்கும் எஞ்சின் இயங்கிய பின்னரே அணையும்.

இவ்வேளையில் எரிந்துகொண்டே நிற்கும் விளக்கைக் கண்டு அஞ்சுவோர் பலர். எரியவே எரியாத விளக்கைக் கண்டு அஞ்சுவோர் சிலரே. உண்மையில் இரண்டாவதே கூடிய அச்சத்துக்குரியது. எரிய வேண்டிய நேரத்தில் ஒரு விளக்கு எரியாவிடின், குமிழ் பழுதடைந்திருத்தல் வேண்டும். அன்றேல் யாரோ அதனைக் கழற்றியிருத்தல் வேண்டும். அன்றேல் கறுப்பு நாடாவினால் மறைத்திருத்தல் வேண்டும். இதனினும் நுட்பமான சூழ்ச்சியொன்று உண்டு. காற்றுப்பை விளக்கின் கம்பியை எண்ணெய் விளக்கின் கம்பியோடு இணைத்துவிடுவர். திறப்பைத் திருப்பும்போது இரண்டும் எரியும். எஞ்சின் இயங்கியதும் இரண்டும் அணையும். பார்ப்பவருக்கு ஐயம் எழாது. ஆனால், எஞ்சினை இயக்காமல் சிறிது நேரம் பொறுத்திருப்பவருக்கு உண்மை தெரியும். காற்றுப்பை விளக்குத் தானாக அணையாமல், எண்ணெய் விளக்கோடு ஒரே கணத்தில் அணையுமாயின், அங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

சிவப்பு விளக்குகளுள் முதலாவது, துளி சொட்டும் எண்ணெய்க் குடுவை வடிவிலானது. இது எஞ்சின் ஒயிலின் அளவைக் காட்டுவதென்று பலர் எண்ணுவர். அஃது அழுத்தத்தையே காட்டுகிறது. எஞ்சினுள் உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். அதனை நிறுத்துவது பம்பு தரும் அழுத்தம். அழுத்தம் மிகத் தாழ்ந்த பின்னரே இவ்விளக்கு எரியும். எனவே, எண்ணெய் குறையத் தொடங்கிவிட்டது என்பதன்று அதன் பொருள். எஞ்சின் இனி எண்ணெயின்றி உராயப் போகிறது என்பதே. இரவு நேரத்தில் வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையிலான காட்டுப் பாதையில் இவ்விளக்கு எரியுமாயின், அடுத்த ஊர் வரை மெல்லப் போய்விடலாம் என்று மனம் சொல்லும். ஆனால், அடுத்த ஊர் வருமுன் எஞ்சின் இறுகிவிடக்கூடும். புதிய எஞ்சினுக்காகும் செலவு, கார் வாங்கிய கடனின் மேல் இன்னொரு கடனாகும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சமதரையிற் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை எடுத்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். குறைந்திருப்பின் உரிய ஒயிலை ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிடின், காரை வேறொரு வாகனத்தில் ஏற்றிச் செல்வதே மலிவான வழி.

பற்றரி வடிவிலான சிவப்பு விளக்கும் இவ்வாறே தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. இவ்விளக்கைக் கண்டதும் புதிய பற்றரி வாங்குவோர் உண்டு. ஓடும்போது அது எரியுமாயின், பெரும்பாலும் குறை பற்றரியிலன்று. பற்றரிக்கு மின்னேற்றும் மின்பிறப்பாக்கியிலோ, அதனைச் சுழற்றும் பட்டியிலோ, இடைக்கம்பியிலோதான். எஞ்சின் இயங்கும்போது பற்றரியின் முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ற்று இருத்தல் வேண்டும். எஞ்சின் ஓய்ந்திருக்கையில் நன்கு மின்னேறிய பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். சிறு அளவுமானி ஒன்று இவ்வையத்தைத் தீர்த்துவிடும். கார்கள் பலவற்றில் ஒரே பட்டியே மின்பிறப்பாக்கியையும் நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அப்பட்டி அறுந்துவிடின், பற்றரி விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் எஞ்சினும் கொதிக்கும். ஆகவே, இவ்விரண்டையும் சேர்த்து நோக்க வேண்டும்.

வெப்பமானி வடிவிலான விளக்கு சிவப்பில் எரிவது எஞ்சின் மிகச் சூடேறியதைக் குறிக்கும். சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இதே படம் காலையில் நீல நிறத்திலும் தோன்றும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பதன்றி அதில் வேறொன்றுமில்லை. சில நிமிடத்தில் அது தானே மறையும். நீலத்தைக் கண்டு கராஜுக்கு ஓடுவதும், சிவப்பைக் கண்டும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்துவிட முயல்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஆனால், ரேடியேற்றரின் மூடியைத் திறத்தல் கூடாது. அம்மூடி உள்ளிருக்கும் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வெளியே 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், வளிமண்டல அழுத்தத்தின் இரு மடங்கில் ஏறத்தாழ 120 பாகையிலேயே கொதிக்கும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்கி, கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். கையால் தொடக்கூடிய அளவுக்குக் குளிர்ந்த பின்னரே திறத்தல் வேண்டும்.

பிரேக் விளக்கும் சிவப்பே. கைப்பிரேக் இழுத்திருந்தாலும் அது எரியும்; ஆதலால், முதலில் அதனைப் பார்த்தல் முறை. கைப்பிரேக்கை முற்றாக விடுவித்தும் விளக்கு எரிந்தால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கக்கூடும். சிலர் அந்த எண்ணெயை நிரப்பி விளக்கை அணைத்துவிட்டு மன அமைதி அடைவர். பிரேக் கட்டைகள் தேயத் தேய எண்ணெய்மட்டமும் தாழ்வது இயல்பு. ஆகவே, மட்டம் தாழ்ந்தது கட்டை தேய்ந்ததன் அறிகுறியாகலாம். கசிவின் அறிகுறியுமாகலாம். காரணத்தைப் பார்க்காமல் நிரப்புவது சாட்சியின் வாயை அடைப்பதாகும். எண்ணெயின் வயதும் நோக்கத்தக்கது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கையிற் குறைந்தது 205 பாகையிற் கொதிக்க வேண்டுமென்பது நியமம். ஈரமேறிய பின் அந்த எல்லை 140 பாகையாகும். நுவரெலியாவிலிருந்து இறங்கும் வளைவுகளில், தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக்கில் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி வெறுமையாய்க் கீழே போகும். இதனை எந்த விளக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே, பழைய காரை வாங்கியவர் பிரேக் எண்ணெயை ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுதல் நன்று.

மஞ்சளில் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் தனித்து நின்றால், சாதாரண பிரேக் வேலை செய்யும். வழுக்கும்போது சக்கரம் இறுகாமற் காக்கும் ஏற்பாடு மட்டுமே ஓய்ந்துள்ளது. மழை நாளில் மெதுவாக ஓடி, விரைவிற் பரிசோதிக்கலாம். அதனோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே கூடாது. காற்றுப்பை விளக்கு எரிந்தாற் கார் ஓடும். ஆனால், மோதல் நேர்ந்தால் பை விரியாமற் போகக்கூடும். இதன் கம்பிகளில் சாதாரணச் சோதனை விளக்கைப் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யலாம். அது பயிற்சி பெற்றவருக்குரிய வேலை.

இப்போது, மூன்றாம் நாட் காலையில் எரிந்த அந்த எஞ்சின் விளக்குக்குத் திரும்பலாம். எஞ்சினையும் அதன் புகையையும் கண்காணிக்கும் கணினி, அளவுக்கு மீறிய ஒன்றைக் காணும்போது இவ்விளக்கை ஏற்றுகிறது. புகையினால் நகரங்கள் மூச்சுத்திணறிய காரணத்தால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் முதலில் இவ்வேற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்கள் அனைத்திலும் ஓ.பி.டி. இரண்டு எனப்படும் பொதுமுறை இடம்பெற்றது. ஐரோப்பாவிற் பெற்றோல் கார்களுக்கு 2001 முதல் இது கட்டாயமாயிற்று. ஸ்ரியரிங்கின் கீழ்ப்புறத்தில் 16 முனைகள் கொண்ட துளைப்பெட்டி ஒன்று இருக்கும். அதிற் சிறு கருவியைப் பொருத்தினால், கணினி குறித்து வைத்திருப்பதைப் படிக்கலாம். சில பழைய ஜப்பானிய உள்நாட்டுக் கார்களிற் பொதுக் கருவி முழு விவரத்தையும் தராது. கம்பனிக்குரிய கருவி வேண்டும்.

கணினி கூறுவது ஓரெழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த குறியாகும். சான்றாக, பி 0171 என்னும் குறி, எரிகலவையிற் பெற்றோலுக்குக் காற்று மிகுந்துள்ளது என்பதைக் காட்டும். வெடித்த இறப்பர்க் குழாய் வழியே காற்றுப் புகுந்திருக்கலாம். காற்றை அளக்கும் உணரி அழுக்கடைந்திருக்கலாம். பெற்றோல்ப் பம்பு நலிந்திருக்கலாம். பி 0420 என்பது, புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியின் செயல் குறைந்துள்ளது என்பதாம். பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் கொண்ட அந்த மாற்றியை உடனே மாற்ற வேண்டுமென்று சிலர் சொல்வர். ஆனால், புகைக்குழாயில் ஒரு சிறு கசிவும், பழுதான ஒட்சிசன் உணரியும் இதே குறியைத் தரவல்லன. குறியென்பது தீர்ப்பன்று, விசாரணையை எங்கே தொடங்க வேண்டுமென்று சொல்லும் முகவரியே. நாடியைப் பார்த்த மாத்திரத்தில் நல்ல வைத்தியர் கத்தியை எடுப்பதில்லை. நல்ல மெக்கானிக்கும் குறியைப் பார்த்த மாத்திரத்திற் பாகத்தை மாற்றுவதில்லை. இவ்விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெற்றோல் வெளியேறி மாற்றியுள் எரிந்து அதனை அழித்துக்கொண்டிருக்கிறது என்று கருதி வேகத்தைக் குறைத்து, இயன்ற விரைவில் நிறுத்திவிட வேண்டும்.

அவ்விளக்கு ஏன் முதல் நாளன்றி மூன்றாம் நாளில் எரிந்தது? இதற்கு விடை கணினியின் இயல்பில் உள்ளது. குறைகள் பலவற்றை அது ஒரே ஓட்டத்திற் கண்டவுடன் விளக்கேற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் மீண்டும் கண்டு உறுதி செய்த பின்னரே ஏற்றும். விற்பதற்கு முன் ஒருவர் கருவியினாலோ, பற்றரிக் கம்பியைக் கழற்றியோ அதன் நினைவை அழித்திருந்தால், கணினி முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதிக்கத் தொடங்கும். அதற்குச் சில நாள்கள் செல்லும். விளக்கில்லாத அந்த இடைவெளியிற் கார் கை மாறிவிடும். ஆயினும், அழித்தவர் அறியாத தடயம் ஒன்று மிஞ்சுகிறது. எந்தெந்தச் சோதனைகள் முடிந்தன, எவை இன்னும் முடியவில்லை என்பதையும் கருவி காட்டும். அன்றாடம் ஓடுவதாகச் சொல்லப்படும் காரிற் பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் நினைவு அழிக்கப்பட்டது என்று அறியலாம். அதனைக் கொண்டு மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்குதல் நேர்மையன்று. நேர்மையான திருத்த வேலையும் புதிய பற்றரி பொருத்தலும் இதே நிலையை உண்டாக்கும். ஆனால், ஏன் என்று கேட்கும் உரிமையையும், சில நாள் பொறுத்து மீண்டும் பார்க்கும் உரிமையையும் அது வாங்குபவருக்குத் தருகிறது.

பற்றரியைக் கழற்றிப் பூட்டுமாறு சொன்ன அயலவரின் யோசனை ஏன் தீது என்பதும் இப்போது விளங்கும். குறை ஏற்பட்ட கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுழன்றது, எவ்வளவு சூடாயிருந்தது, கார் எவ்வேகத்தில் ஓடியது என்பவற்றையும் கணினி குறித்து வைக்கிறது. கம்பியைக் கழற்றினால், விளக்கோடு அந்தக் குறிப்பும் அழியலாம். நோய் இருக்கும், நோயைக் கண்டறியும் வழி இராது.

கலப்பு மின்கார்களாகிய ஹைபிரிட் வண்டிகள் இலங்கையிற் பலவாக ஓடுகின்றன. அவற்றில் வியப்புக்குறி கொண்ட சிவப்பு முக்கோணம் எரிந்தால், அது தனியொரு குறையின் பெயரன்று. வேறோர் எச்சரிக்கையையும் படி என்னும் அழைப்பு. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களின் பெரிய பற்றரி 201.6 வோல்ற்றுடையது. செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளைப் பயிற்சியற்றவர் தொடுதல் உயிருக்கு ஆபத்து. ஆயினும், உரிமையாளர் தாமே செய்யக்கூடிய ஒன்றுண்டு. பின்னிருக்கையின் அருகே அப்பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுவழி இருக்கிறது. அது தூசியால் அடைபட்டாலோ, பைகளால் மறைபட்டாலோ பற்றரி சூடேறும். அதனைத் துப்புரவாகவும் திறந்தும் வைத்திருப்பது, பெருஞ்செலவைத் தள்ளிப்போடும் எளிய காவல்.

விளக்கின் எல்லையையும் அறிதல் வேண்டும். எதைப் பார்க்குமாறு அமைக்கப்பட்டதோ அதை மட்டுமே விளக்கு பார்க்கும். தக்காட்டா என்னும் ஜப்பானியக் கம்பனி தயாரித்த காற்றுப்பைகளிற் பல, நெடுநாள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் உள்ளிருக்கும் அமோனியம் நைத்திரேற்று கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தன. உலகெங்கும் கோடிக்கணக்கான பைகள் மீட்டழைக்கப்பட்டன. 2017 ஆம் ஆண்டில் அக்கம்பனி வங்குரோத்தானது. அவ்வகைக் கெட்ட பை உள்ள காரிலும் காற்றுப்பை விளக்கு எரியாது. மின்சுற்றிற் குறையில்லையாதலால் அது நலம் என்றே காட்டும். இலங்கை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் இஃது அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. காரின் செசி இலக்கத்தைக் கொண்டு, அது மீட்டழைக்கப்பட்ட வரிசையிலுள்ளதா என்பதை முகவர் நிலையத்திலோ, கார்க் கம்பனியின் இணையத்தளத்திலோ அறிந்துகொள்ளலாம். 2008 முதல் நடந்துவரும் புகைப் பரிசோதனையிற் றேறி, வருமான உத்தரவுப் பத்திரம் பெற்றதனாற் கார் முழுவதும் நலமென்று கொள்வதும் பிழை. அப்பரிசோதனை புகையைப் பார்ப்பது. பிரேக்கையும் காற்றுப்பையையும் பார்ப்பதன்று.

எனவே, பழைய காரை வாங்கியவர் முதல் வாரத்திற் செய்ய வேண்டுவன சிலவே. எஞ்சினை இயக்குமுன் விளக்குகள் யாவும் எரிந்து முறைப்படி அணைகின்றனவா என்று பார்த்தல். எரிந்து நிற்கும் விளக்கைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்தல். அது எப்போது, எவ்வேகத்தில், மழையிலா வெயிலிலா எரிந்தது என்று எழுதி வைத்தல். குறியைப் படிப்பித்து, அழிக்குமுன் அதனையும் எழுதிக்கொள்ளல். மாற்றிய பாகத்தைக் கராஜிற் கேட்டுப் பெறுதல். இவற்றை எழுதிய ஒரு கொப்பி காரின் உள்ளேயே இருக்கட்டும். விளக்கை அணைத்துத் தாருங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்பவருக்கு அணைந்த விளக்கே கிடைக்கும். ஏன் எரிகிறது என்று கண்டு சொல்லுங்கள் என்று கேட்பவருக்கே திருந்திய கார் கிடைக்கும்.

இன்று வாங்கிய கார் நாளை மற்றொருவருக்கு விற்கப்படும். அன்றும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கக்கூடும். அப்போது, அரை நிமிட வேலையில் அதனை அணைத்துவிடும் வாய்ப்பு இவருக்கும் இருக்கும். வாங்க வருபவரும் கடன் பட்டு, நகையை அடகு வைத்தே வந்திருப்பார். அக்காரில் அவருடைய பிள்ளைகளும் ஏறுவார்கள். விளக்கு எரியும் காருக்குச் சிறிது விலை குறையலாம். உள்ள குறையைக் கொப்பியோடு எடுத்துக்காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்பவருக்கு அந்த நட்டம் தாங்கக்கூடியதே. மூன்றாம் நாட் காலையில் தம் வீட்டில் எழுந்த கலக்கத்தை மறவாதவர், அதே கலக்கத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.